46 வயதில் மோட்டார் சைக்கிள் பந்தயம், புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம்: யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு முடியுமா?

உரும்பிராயான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. எனக்கு 46 வயது, யாழ்ப்பாணத்தில் வங்கி வேலை. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் இறங்கி, அதைச் சொல்லிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க விரும்புகிறேன். மனைவி வேண்டாம் என்று சொல்லவில்லை. "விஷயம் தெரிந்த நாலு பேரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கோ" என்றார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணா கோண்டாவிலில் கராஜ் வைத்திருந்தவர். யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது கார்புரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களை என் வயதுக்காரர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த எஞ்சின்களில்தான் அண்ணா எனக்கு வேலை பழக்கினார். வேறு நாடுகளில் பெடியள் பந்தயம் பழகும் வயதில் எங்களுக்கு எண்ணெயும் இல்லை, ஓடுவதற்கு ரோட்டும் இல்லை. "ஒரு நாளைக்கு ஒழுங்கான ட்ராக்கில் ஓட வேணுமடா" என்று அண்ணா அடிக்கடி சொல்லுவார்.

அவருக்கு வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடும் பழக்கம் இருந்தது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைத் தழும்பு வந்தபோதும், வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போனபோதும், பல்லு வருத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்போது கழுத்துக்குப் பரவிவிட்டது. போன வருடம் போய்விட்டார்.

இந்த வயதில் தொடங்கலாமா, எங்கே ஓடலாம், சேரும் காசு யார் கைக்குப் போனால் உண்மையில் ஆராய்ச்சி நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.


நல்லூரடி எழுதியது:

அண்ணாவின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி எந்தக் காசில் எழும்பியது என்று நினைத்துப் பாருங்கோ. அதற்குப் பணம் சேர்க்க 2011இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவவும் தெற்கே தேவேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். 27 நாள், 670 கிலோமீற்றர். வழிநெடுக சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லாரும் சேர்ந்து நடந்தார்கள். 2013இல் ஆஸ்பத்திரி திறந்தாயிற்று. பிறகு 2016இல் இங்கிருந்து தெற்கு நோக்கி நடந்தார்கள், அது காலி கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்கு. நடந்தே இவ்வளவும் செய்யலாம் என்றால் உயிரைப் பணயம் வைப்பது எதற்கு?

இன்னொன்று. இங்கே பின்னேரங்களில் பெடியள் ரோட்டில் மோட்டார் சைக்கிளைப் படுத்து ஓட்டி என்ன நிலைமையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். வங்கியில் வேலை செய்யும் ஒரு பெரிய மனிதர் றேஸ் ஓடினால் அவர்களுக்கு என்ன சொன்ன மாதிரி ஆகும்?


பருத்தித்துறைப் பெடியன் எழுதியது:

//46 வயதில் தொடங்கலாமா//

தாராளமாக! மோட்டார் சைக்கிள் உலக சம்பியன் வலன்ரினோ ரொஸி 2021இல் 42 வயதில்தான் ஓய்வு பெற்றார். ஜோயி டன்லப் இன்னும் மேலே. 2000ஆம் ஆண்டு ஐல் ஒவ் மான் தீவின் ரோட்டுகளில் நடக்கும் ரீரீ பந்தயத்தில் 48 வயதில் ஒரே வாரத்தில் மூன்று பந்தயம் வென்றவர். ருமேனியாவில் அநாதை இல்லங்களுக்குத் தானே வான் ஓட்டிப் பொருள் கொண்டுபோய்க் கொடுத்த மனிதரும் அவர்தான், அதற்காகவே 1996இல் பிரித்தானிய அரசு விருது கொடுத்தது. ஓட்டமும் உதவியும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் அண்ணை. நீங்கள் ஓடுங்கோ, நாங்கள் இருக்கிறம்.


கைதடி அக்கா எழுதியது:

தம்பி, ஜோயி டன்லப்பின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அந்த மூன்று வெற்றியும் யூன் மாதம். யூலை 2ஆம் திகதி எஸ்தோனியாவில் மழையில் நடந்த பந்தயத்தில் மரத்தோடு மோதி இறந்துபோனார். என் மகன் மோட்டார் சைக்கிள் பைத்தியம், அதனால் இதெல்லாம் எனக்கும் தெரியும்.

நான் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். உரும்பிராயான் தம்பிக்கு ஆசையைக் கைவிடு என்று சொல்ல மாட்டேன். அண்ணாவை இழந்த மனம் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடும், அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் முதலில் உடம்பைப் பாருங்கோ. ஈசீஜீ மட்டும் போதாது, நடைப் பட்டியில் ஓடவிட்டு இதயத்தைச் சோதிக்கும் பரிசோதனையும் செய்யுங்கோ. எங்கள் ஆட்களுக்கு சீனி வருத்தமும் பிரஷரும் இந்த வயதில் சத்தமில்லாமல் இருக்கும். கண்ணையும் பாருங்கோ. மோட்டார் சைக்கிளில் இருந்து விழுபவர்களுக்கு அதிகமாக உடைவது காறை எலும்பு, கழுத்துக்குக் கீழே தோள்வரை போகும் எலும்பு. அது இருபது வயதில் சேர்வதுபோல் நாற்பத்தாறில் கெதியாகச் சேராது.

ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்து வாசியுங்கோ. பந்தயத்தில் நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் பணம் இல்லை என்று அநேகமான பத்திரங்களில் இருக்கும். பிள்ளைகள் படிக்கிற வயதா?


உரும்பிராயான் எழுதியது:

ஓம் அக்கா, மகள் உயர்தரம் படிக்கிறாள், மகன் எட்டாம் வகுப்பு. பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் பார்க்கிறேன். டொக்டரிடமும் போகிறேன்.

நல்லூரடி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ரோட்டில் நான் ஒருபோதும் வேகம் ஓடமாட்டேன். பெடியளுக்கு நான் சொல்ல நினைப்பதும் அதுதான்: வேகம் வேண்டுமென்றால் அதற்கென்று இடம் இருக்கிறது, உடுப்பு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது.


இருங்காட்டுக்கோட்டை எழுதியது:

நான் மானிப்பாய்க்காரன், இப்போது சென்னையில். பந்தயங்களில் மெக்கானிக்காக வேலை செய்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நீளம்.

இலங்கையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் மூன்று வகை. முதலாவது மண் ட்ராக்: தியத்தலாவை பொக்ஸ் ஹில், அநுராதபுரம் சாலியபுரத்தில் கஜபா சுப்பர்குரொஸ் போன்றவை. படைமுகாம்களை ஒட்டியவை, மேட்டில் ஏறிப் பறந்து குதிப்பது. அண்ணை, இது உங்களுக்கு வேண்டாம். முழங்காலும் முதுகும் இளமையிலேயே பழகியிருக்க வேண்டும். இரண்டாவது மலையேற்றம். நுவரெலியா மககஸ்தொட்டையில் 1934 முதல் நடக்கிறது. ஒவ்வொருவராக நேரத்துக்கு எதிராக ஓடுவதால் பக்கத்தில் இன்னொருவர் மோதும் பயம் இல்லை. ஆனால் மலை ரோட்டில் தவறினால் விழுந்து உருள்வதற்கு வெற்று நிலமும் இல்லை. மூன்றாவது தார் ட்ராக். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தை, உலகப் போர்க்கால விமான ஓடுதளம். வடமாகாணத்தில் ஒன்றும் இல்லை, அதனால் மோட்டார் சைக்கிளை லொறியில்தான் ஏற்ற வேண்டும்.

என் யோசனை என்னவென்றால், பழகுவதற்குச் சென்னைக்கு வாருங்கோ. பலாலியில் ஏறினால் கொழும்புக்கு பஸ்ஸில் போகிற நேரத்தில் கால்வாசிகூட ஆகாது. சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் 3.7 கிலோமீற்றர், 12 வளைவு. 1990இல் இருந்து ஓடுகிறது. பயிற்சிப் பள்ளி நடத்துபவர்கள் மோட்டார் சைக்கிளும் தருவார்கள், நீங்கள் உங்களுடையதைக் கொண்டுவரத் தேவையில்லை. அங்கே தேறினால்தான் பந்தய உரிமம் பற்றியே பேசலாம். வெளிநாட்டுக்காரர் போட்டியில் ஓடுவதென்றால் சொந்த நாட்டுச் சங்கத்தின் அனுமதிக் கடிதமும் கேட்பார்கள்.

சிறிய எஞ்சினில் தொடங்குங்கோ. 150, 200 சீசீ போதும். பெரிய எஞ்சின் நேர் ரோட்டில் பிழையை மறைத்துவிடும், சின்ன எஞ்சின் வளைவில் நீங்கள் செய்கிற ஒவ்வொரு பிழையையும் நேரத்தில் காட்டிக்கொடுக்கும். முதலில் கற்றுத்தருவது கண்ணைத்தான். முன்சில்லுக்கு முன்னால் பார்க்காமல் வளைவு முடியும் இடத்தைப் பார்க்கப் பழக வேண்டும். பார்க்கிற இடத்துக்குத்தான் மோட்டார் சைக்கிள் போகும். அதன்பிறகு பிரேக். வங்கிக்காரர் விரைவில் பிடிப்பீர்கள் என்று நினைக்கிறேன், இதெல்லாம் நிதானமான கணக்கு. முன்கை இறுகி விரல் விறைக்கும், இது எல்லாருக்கும் வரும். பிடியை நசுக்காமல் தொடையால் பெற்றோல் தாங்கியை அணைத்து இருக்கப் பழகினால் குறையும்.

ட்ராக்குக்கு இறங்கும் மோட்டார் சைக்கிளில் கண்ணாடி, ஸ்ராண்ட், விளக்கு எல்லாம் கழற்ற வேண்டும். எஞ்சின் எண்ணெய் வடிக்கும் ஆணியைக் கம்பியால் முறுக்கிக் கட்டிப் பூட்ட வேண்டும், கழன்று எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவன் விழுவான். தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சினென்றால் ரேடியேட்டரில் பச்சைக் கூலன்ட் ஊற்றக் கூடாது, வெறும் தண்ணீர்தான். அந்தத் திரவம் ரோட்டில் சிந்தினால் வழுக்கும். இவை இல்லாமல் பரிசோதனை மேசையைத் தாண்ட விடமாட்டார்கள்.


ஸ்காபரோ வாசி எழுதியது:

//நடந்தே இவ்வளவும் செய்யலாம் என்றால்//

இங்கே கனடாவில் ஒவ்வொரு செப்ரெம்பரிலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாரும் டெரி பொக்ஸ் ஓட்டம் ஓடுவார்கள். எங்கள் தமிழ்ப் பிள்ளைகளும்தான். டெரி பொக்ஸ் என்ற இளைஞருக்கு 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை எடுத்தார்கள். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்க 1980 ஏப்ரல் 12இல் செயற்கைக் காலோடு அத்திலாந்திக் கரையில் தொடங்கி 143 நாள், 5373 கிலோமீற்றர் ஓடினார். நுரையீரலுக்குப் பரவியதால் தண்டர் பே அருகில் நிறுத்த வேண்டியதாயிற்று. மறு வருடம் யூனில் 22 வயதில் இறந்தார். கனடாவில் ஆளுக்கு ஒரு டொலர் என்று கேட்டார், அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தொகை சேர்ந்துவிட்டது.

நான் சொல்ல வருவது, அவர் கேட்டது ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு அல்ல, ஆராய்ச்சிக்கு. அன்று அவருடைய வகைப் புற்றுநோய்க்குக் காலை எடுப்பதுதான் வழி. இன்று மருந்தும் சத்திரசிகிச்சையும் சேர்ந்து பலருக்குக் காலைக் காப்பாற்றுகிறார்கள். ஆராய்ச்சிக்குக் கொடுத்த காசு அப்படித்தான் திரும்பி வரும், பத்து இருபது வருடம் கழித்து. நன்றிக் கடிதம் வராது, திறப்பு விழா இருக்காது. யாழ்ப்பாணத்துச் சனம் கட்டடத்துக்குக் கொடுக்கும், கோயிலுக்குக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்குக் கொடுக்கப் பழக்க ஒருவர் வேண்டும். உரும்பிராயான், அதை நீங்கள் செய்தால் நான் முதல் ஆளாகக் கொடுப்பேன்.

மோட்டார் சைக்கிளை வைத்துச் சேர்க்க வேகமே தேவையில்லை என்பதற்கும் உதாரணம் உண்டு. 2012இல் சிட்னியில் தொடங்கிய ஒரு சவாரி இருக்கிறது, கோட்டு சூட்டுப் போட்டு பழைய மோட்டார் சைக்கிள்களில் மெதுவாக ஊர்வலம் போவார்கள். புரொஸ்ரேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் ஆண்களின் மனநலத்துக்கும் பணம் சேர்க்கிறார்கள். இப்போது உலகம் முழுக்க நடக்கிறது.


பருத்தித்துறைப் பெடியன் எழுதியது:

ஊர்வலம் போனால் யார் பார்க்கப் போகிறார்கள்? பந்தயம் என்றால்தான் சனம் திரும்பிப் பார்க்கும். ஒரு யோசனை: முந்துகிற ஒவ்வொரு இடத்துக்கும் இவ்வளவு என்று வெளிநாட்டு உறவுகளிடம் வாக்கு வாங்குவோம். முதலாவதாக வந்தால் இரட்டிப்பு. காசு குவியும்.


இருங்காட்டுக்கோட்டை எழுதியது:

வேண்டாம். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

கடைசிச் சுற்றில் முன்னால் ஒருவன் போகிறான். அவனை முந்தினால் ஆராய்ச்சிக்கு இன்னும் இவ்வளவு காசு என்ற நினைப்பு தலைக்குள் இருந்தால் பிரேக்கைப் பத்து மீற்றர் பிந்திப் பிடிப்பீர்கள். அவ்வளவுதான் தேவை. பின்சில்லு வழுக்கி, திடீரென்று பிடித்து, ஆளைத் தூக்கி எறியும். பழக்கமானவனுக்கே நடப்பது. தனக்காக ஓடுபவன் "சரி, இன்றைக்கு இவ்வளவுதான்" என்று விட்டுக்கொடுப்பான். செத்துப்போன அண்ணாவுக்காக ஓடுபவன் விடமாட்டான். உங்களை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் முதல் பதிவை வாசித்தபோதே எனக்கு இருந்த பயம் இதுதான்.

காசு இடத்தோடு கட்டப்படக் கூடாது, நேரத்தோடும் கட்டப்படக் கூடாது. கொடுப்பவர் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். நீங்கள் கடைசியாக வந்தாலும், அன்று மழை என்று இறங்காமல் விட்டாலும், அந்தக் காசு போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்க வேண்டும்.


கைதடி அக்கா எழுதியது:

இருங்காட்டுக்கோட்டைத் தம்பி சொன்னதை அப்படியே எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கோ.


ஆய்வுகூடம் எழுதியது:

நான் மருத்துவ ஆய்வுத் துறையில் இருப்பவள். எங்கே என்று சொல்ல விரும்பவில்லை. பணம் எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு யாரும் இன்னும் விரிவாகப் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இலங்கை ஆண்களில் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களில் மார்பகப் புற்றுநோய். வாய்ப் புற்றுநோய்க்கு புகையிலையை மட்டும் குற்றம் சொல்லி விடுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும், பாக்கும்கூட மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவை என்று முதல் வகுப்பில் வைத்தது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்குத்தான்" என்று சொல்லும் அம்மம்மாக்கள் எத்தனை பேர்! பாக்கு வாயின் உட்தோலை இறுக்கி நாராக்கும். கொச்சிக்காய் பட்டால் எரியும், பிறகு வாய் விரியாது. உங்கள் அண்ணாவுக்கு நடந்தது அநேகமாக இதுதான். இந்த நிலையில் பிடித்தால் கண்காணிக்கலாம், வெள்ளை, சிவப்புத் தழும்பில் சிறு துண்டு எடுத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை யாரும் விட்டுவைக்கக் கூடாது.

இங்கே ஆராய வேண்டியவை நிறைய இருக்கின்றன. புண்ணைக் கண்டபிறகும் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள்? தூரமா, பயமா, "புற்றுநோய்" என்றால் மகளின் கலியாணம் குழம்பும் என்ற எண்ணமா? புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களின் வாய் எப்படி இருக்கிறது? இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை. ஒரு ஆய்வு உதவியாளரின் சம்பளம், கிராமங்களுக்குப் போய்வரச் செலவு, துண்டுப் பரிசோதனைக்கான இரசாயனம். ஊருக்குள் சேரும் அளவான தொகையே ஒரு ஒழுங்கான ஆய்வைத் தாங்கும். கொழும்பிலோ வெளிநாட்டிலோ யாரும் எங்களுக்காக இந்தக் கேள்வியைக் கேட்கப் போவதில்லை.

பணத்தை எந்தத் தனி ஆளிடமும் கொடுக்காதீர்கள், என்னைப் போன்ற ஆய்வாளரிடமும்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் இருந்து இயங்குகிறது, அங்கே ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் ஒழுக்கநெறிக் குழு இருக்கிறது. எழுதப்பட்ட ஆய்வுத் திட்டம், குழுவின் அனுமதி, நிறுவனத்தின் கணக்கு, இவை மூன்றும் இருந்தால் கொடுங்கோ. முடிவு என்னவாக இருந்தாலும் வெளியிட வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கோ.


நல்லூரடி எழுதியது:

வாசித்தேன். ஆய்வுகூடம் எழுதியதற்கு நன்றி, என் அம்மாவும் வெற்றிலை போடுபவர், நாளைக்கே பல் வைத்தியரிடம் கூட்டிப்போகிறேன்.

பந்தயம் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆராய்ச்சிக்கு நான் கொடுப்பேன், ஆனால் உரும்பிராயான் ஓடுகிறார் என்பதற்காக அல்ல. ஒருவேளை ஓட்டத்துக்குச் செலவாகும் காசை அப்படியே ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தால் என்ன? விமானச் சீட்டு, லெதர் சூட், ரயர், பயிற்சிக் கட்டணம், எல்லாம் கூட்டிப் பாருங்கோ.


லண்டன் கணக்காளர் எழுதியது:

நல்லூரடி கேட்டதுதான் எந்தத் தர்மப் பணிக்கும் கேட்க வேண்டிய கேள்வி. என் பதில்: ஓட்டத்தின் செலவு முழுவதும் அவருடைய சொந்தச் சட்டைப்பையில் இருந்து வர வேண்டும். சிலர் தோட்டம் வாங்குகிறார்கள், சிலர் இரண்டாவது வீடு கட்டுகிறார்கள், இவர் ட்ராக்கில் செலவழிக்கிறார். அது அவர் வீட்டு விஷயம். சனம் கொடுக்கும் காசில் ஒரு ரயர்கூட வாங்கக் கூடாது. விமானச் சீட்டு, சாப்பாடு, பதாகை அச்சடிப்பது, வங்கிக் கட்டணம், எதுவும் அதிலிருந்து போகக் கூடாது. இரண்டு கணக்கு, இரண்டு வங்கிப் புத்தகம்.

ஓட்டத்துக்கு ஆதரவு தர விரும்பும் கடைகள் இருந்தால் அதைத் தனியாக, பகிரங்கமாக வாங்குங்கோ, அதையும் எழுதி வையுங்கோ. வெளிநாட்டில் இருப்பவர்கள் முடிந்தால் நிறுவனத்தின் கணக்குக்கே நேரடியாக அனுப்பட்டும், உங்கள் கை வழியே வரவே தேவையில்லை. நீங்கள் வங்கிக்காரர் என்பதால் இது இன்னும் முக்கியம். உங்கள் நாணயத்தைப் பற்றி ஒரு கதை எழும்பினால் வேலைக்கே ஆபத்து.


உரும்பிராயான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மனைவிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கைதடி அக்காவின் பதிவையும் இருங்காட்டுக்கோட்டையின் "வேண்டாம்" என்ற பதிவையும் இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார்.

டொக்டர் சோதனைகளுக்கு எழுதித் தந்திருக்கிறார். அதில் ஏதாவது பிழை என்றால் பந்தயம் இல்லை, பணம் சேர்ப்பது மட்டும் நடக்கும். காப்புறுதிப் பத்திரத்தில் பந்தயம் விலக்கப்பட்டுத்தான் இருக்கிறது. அதனால் பிள்ளைகளின் படிப்புக்கு வேண்டியதைத் தனியாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தில்தான் ஓட்டச் செலவு. மிச்சம் போதாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருப்பேன்.

எல்லாம் சரிவந்தால் சென்னையில் பயிற்சி, அப்புறம் கட்டுக்குருந்தையில் சிறிய எஞ்சின் வகுப்பு. மண் ட்ராக் இல்லை, மலையேற்றம் இல்லை. இடத்துக்கோ வெற்றிக்கோ யாரிடமும் காசு வாங்க மாட்டேன். ஆராய்ச்சிக்கான காசு நான் ட்ராக்கில் இறங்குவதற்கு முதலே நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்துவிட வேண்டும். ஓட்டச் செலவைச் சதம் சதமாக இந்த இழையிலேயே போடுவேன், அதற்குள் ஒருவர் காசும் கலக்காது.

நல்லூரடி, நீங்கள் என் ஓட்டத்துக்காகக் கொடுக்கவில்லை என்றது எனக்குச் சந்தோஷம். அப்படியே இருக்கட்டும். வருடத்தில் ஒரு நாள் கோண்டாவிலில் அண்ணாவின் கராஜில் வாய்ப் பரிசோதனை நடத்தலாமா என்று ஒரு பல் வைத்தியரிடம் கேட்கிறேன். பெடியள் மோட்டார் சைக்கிள் பார்க்க வருவார்கள், வாயையும் காட்டிவிட்டுப் போகட்டும். அதற்கு நீங்கள் வர வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டை, லெதர் சூட் பாவித்தது வாங்கலாமா?


இருங்காட்டுக்கோட்டை எழுதியது:

சூட் பாவித்தது வாங்கலாம், தையலையும் முழங்கை, தோள் பக்கத்தையும் நான் பார்த்துச் சொல்கிறேன், விழுந்து உரசியதை எடுக்காதீர்கள். ஹெல்மெட்டும் முதுகுக் காப்பும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஹெல்மெட் ஒரு தரம் தரையில் அடிபட்டிருந்தால் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். தலையின் சுற்றளவைப் புருவத்துக்கு மேலே நாடாவால் அளந்து அனுப்புங்கோ.